கூடியிருந்தது நோயல்ல, ராத்தா

என் கூடப்பிறந்த கதீஜா ராத்தாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப்போலப் பயந்துகிடக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

உங்களுக்குக் கழுத்து வீங்கி, கை நடுங்கி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்ததே, மறப்பேனா? தைராய்டு ஆபரேஷனுக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை.

போன வருஷம் நான் உண்டாகியிருந்தபோது எனக்கும் கழுத்து லேசாகப் புடைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. காரைக்கால் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போகச் சொன்னார். என்னைக் கட்டிய மச்சான் சைகோனில் நடத்திவந்த கடையை மூடிவிட்டு ஊரோடு வந்திருந்த நேரம். அவரும் உம்மாவும் துணைக்கு வர, பேரளத்தில் ரயில் மாறிப் போனோம். வழியெல்லாம் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

அங்கே ரத்தம் எடுத்து, தைராய்டு ஹார்மோனில் இருக்கும் அயோடினை அளந்தார்கள். கூடுதலாக வந்தது. "ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்" என்றார் பெரிய டாக்டர்.

உம்மா எழுந்து அவர் முன்னால் நின்றது. "ஒரு மவளக் கொடுத்துட்டேங்க. இன்னொண்ணையும் கேக்குறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "பொறுங்கம்மா. புதுசா ஒரு சோதனை வந்திருக்கு. அதையும் பாத்துடுவோம்."

லேபில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். என் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை ஒரு காகிதத் துண்டில் சொட்டுவிட்டு, மின்சாரம் பாய்ச்சினார். ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் அதில் தனித்தனியாக நகர்ந்து பிரியுமாம். அவற்றில் ஒன்று தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

முடிவுக்காக வார்டில் படுத்துக் காத்திருந்த நாளெல்லாம் உங்கள் நினைப்புதான். நீங்களும் இப்படித்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்களா? வீக்கம் தெரிந்தபோதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

முடிவு வந்ததும் அந்த லேப் டாக்டரம்மாவே வார்டுக்கு வந்தார். "பிள்ளை உண்டானா இந்தப் புரதம் கூடும். அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற ஹார்மோனும் சேந்து கூடுதலாத் தெரியும். ஒட்டிக்கிட்டிருக்கிறது உடம்ப ஒண்ணும் செய்யாது. உங்களுக்கு நோய் இல்ல."

"அப்ப ஆபரேஷன்?" என்றார் மச்சான்.

"எதுக்கு? ஊருக்குப் போய் நல்லபடியா பெத்துக்கட்டும்."

"இந்தப் படபடப்பு?" என்று நான் கேட்டேன்.

"பிள்ளைத்தாய்ச்சிக்கு வர்றதுதான். பயமும் சேந்திருக்கு."

உம்மா வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதது. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சொல்லி அழுதது. உங்களுக்காக அடக்கிவைத்திருந்ததும் அதில் இருந்திருக்கும், ராத்தா.

பெண் பிள்ளை. சுகப்பிரசவம். பிறகு மறுபடி ரத்தம் பார்த்தபோது எல்லாம் சரியாக இறங்கியிருந்தது. உங்கள் பேரை வைக்கலாமா என்று மச்சான் கேட்டார். "வேணாம், அது அவ பேராவே இருக்கட்டும்" என்றது உம்மா. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவள் ஜைனப்.

இவள் வளர்ந்து கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம் தெரிந்தாலும், பயந்து ஒளிக்கவிட மாட்டேன். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போவேன். போகிற வழியில், அவள் பெரியம்மா நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன்.

உங்கள் தங்கச்சி,
ஆமினா