கிஷோரின் கடல் தொட்டி

வைட்ஃபீல்ட், பெங்களூரு
18 பிப்ரவரி 2024

அன்புள்ள தாரணிக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் மீன்களும் சௌக்கியம். உன் அத்தை போன வாரம் ஆம்பூருக்கே போய்விட்டாள். இந்த ஹாலில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறதாம். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் நீ "சாப்டீங்களா மாமா" என்கிறாய். நான் "ஆச்சும்மா, நீ?" என்கிறேன். அப்புறம் இரண்டு பேருமே சும்மா இருக்கிறோம். எழுதினால் விஷயத்தையாவது சொல்லலாம்.

விஷயம் தொட்டிதான். கிஷோர் இறந்த பிறகு நீ இங்கே இருந்தவரை நீ பார்த்துக்கொண்டாய். சென்னை ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "விட்டுடுங்க மாமா, யாராவது எடுத்துட்டுப் போகட்டும்" என்றாய். என் மகன் அவ்வளவு நாள் வளர்த்ததை அப்படி விட எனக்கு வரவில்லை. ஆனால் ஒன்றும் தெரியவும் இல்லை. தண்ணீர் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. மூட்டையிலிருந்த உப்பைக் கலந்து ஊற்றி நிரப்பினேன். பச்சைப் பொத்தான்கள் ஒட்டி வைத்தது போல ஒரு பவளம் இருக்கிறதே, அது முழுவதும் சுருங்கி மூடிக்கொண்டது. கோமாளி மீன் இரண்டும் ஒரு மூலையில் நிற்கின்றன. நான் என்ன தப்புச் செய்தேன் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மாமா உத்தமன்


தாம்பரம், சென்னை
25 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அம்மா பயந்துவிட்டார்.

உப்புத் தண்ணீர் ஊற்றியதுதான் தப்பு மாமா. காற்றில் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான். உப்பு போகாது. அதனால் தினமும் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை, உப்புக் கலக்காமல், கீழே அலமாரிக்குள் இருக்கிற சின்னத் தொட்டியில் கோடு வரை ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அப்போது மட்டும் உப்புக் கலந்ததை ஊற்றுங்கள். இழுப்பறையில் டார்ச் லைட் மாதிரி கறுப்பாக ஒரு கருவி இருக்கும். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முப்பத்தைந்தில் நிற்க வேண்டும். இப்போது நிச்சயம் ஏறியிருக்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்காதீர்கள், தாங்காது.

அந்தப் பச்சைப் பவளத்தை மட்டும் வெறும் கையால் தொட வேண்டாம். அதில் விஷம் உண்டு. அந்தப் பாறை மேல் வெந்நீர் ஊற்றிக் கழுவவே கூடாது, ஆவியிலும் விஷம் ஏறும்.

இதெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றதில்லை. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனைச் சினிமாவுக்குக் கூப்பிட்டால், "தண்ணி டெஸ்ட் மட்டும் பண்ணிட்டு வரேன், நீ டிரெஸ் பண்ணு" என்பார். நான் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அத்தையைத் தனியாக விட்டுவிட்டு அங்கே எதற்கு மாமா? யோசியுங்கள்.

தாரணி


வைட்ஃபீல்ட்
21 மார்ச் 2024

அன்புள்ள தாரணிக்கு,

நீ சொன்னபடி உப்பை மெதுவாக இறக்கினேன். பச்சைப் பவளம் திறந்துவிட்டது.

இங்கே தண்ணீர்ப் பஞ்சம். பேப்பரில் பார்த்திருப்பாய். போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் வந்தால் காலையில் கொஞ்ச நேரம் குழாய் திறப்பார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். ஆர்.ஓ. குழாயிலிருந்து கழிவு வாளியில் விழுவதைப் பார்த்தார்.

"அங்கிள், ஸ்வல்ப யோசனை பண்ணுங்க. ஜனங்களுக்கே நீர் இல்ல. நீங்க மீனுக்கு ஊத்தறீங்க."

"அந்தக் கழிவுலதாம்மா வீடு துடைக்கிறேன், பாத்ரூமுக்கும் அதான்."

"அதெல்லாம் சரி அங்கிள். மேல் ஃபிளாட்ல கைக்குழந்தை இருக்கு, அவங்க..." என்றவர், சுவரில் மாலையோடு இருக்கும் கிஷோர் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

நான் குளிப்பதை விட்டுவிட்டேன். ஈரத் துண்டால் துடைத்துக்கொள்கிறேன். என் பங்குத் தண்ணீரைத்தானே தொட்டிக்குக் கொடுக்கிறேன், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இறால் செத்துவிட்டது. மீசை முதல் கால் வரை அப்படியே மணலில் கிடந்தது. எடுத்துப் பேப்பரில் சுற்றி, கீழே செம்பருத்திச் செடிப் பக்கம் புதைத்தேன். மேலே வந்து உப்புப் பார்த்தேன், முப்பத்தைந்து. சாதம் வைத்துச் சாப்பிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவன் இறந்த நவம்பரிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. டாக்டரிடம் போகிற விஷயமா என்று தெரியவில்லை.

மாமா


தாம்பரம்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இறால் சாகவில்லை. அது தோல் உரித்திருக்கிறது. நீங்கள் புதைத்தது வெறும் கூடு. புதுத் தோல் இறுகும்வரை பாறைக்குள் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வரும். முதல் தடவை நானும் செத்துவிட்டது என்றுதான் அவருக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தவர் எல்லார் எதிரிலும் சிரித்துவிட்டார்.

பஞ்சம் தீரும்வரை தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். குறைகிறதை மட்டும் ஊற்றினால் போதும். அங்கே இருப்பது எல்லாம் மெத்தென்ற வகைப் பவளம், தாங்கும். தயவு செய்து குளியுங்கள் மாமா. டாக்டரிடமும் போய் வாருங்கள். நான் இங்கே ஒருவரிடம் போகிறேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். தூக்கம் வருகிறது. மற்றபடி எனக்கும் உங்களைப் போலத்தான்.

ஃபிரேசர் டவுனில் சிரில் என்று உங்கள் மகனுடைய நண்பர் இருக்கிறார். காரியத்துக்கு வந்திருந்தாரே, உயரமாக, கண்ணாடி போட்டவர். அவர் வீட்டில் இதைவிடப் பெரிய தொட்டி இருக்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தாரணி


வைட்ஃபீல்ட்
12 மே 2024

அன்புள்ள தாரணிக்கு,

நீ எழுதியது போலவே அந்த இறால் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. முன்னைவிடப் பளபளப்பாக. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். மீன்கள் சிதறி ஓடின. கண்ணாடி விரிந்திருக்கிறதா என்று பிறகுதான் விரலால் தடவிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது அன்றுதான்.

அந்த ஆபீஸ் பஸ் டிரைவர் என்னைப் பார்க்க வந்ததை உனக்குச் சொல்லவில்லை. கிஷோர் ஜன்னலில் சாய்ந்து தூங்குவதாக நினைத்துக் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோயிருக்கிறார். "தோளைத் தட்டி, ஸ்டாப் வந்துடுச்சு, ஏளி சார்னு கூப்ட்டேன் ஐயா, எழுந்திருக்கல" என்று அழுதார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதற்கு அவர் என்ன செய்வார்? நான் அவரிடம் "டீ குடிக்கிறீங்களா" என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்.

உன் அத்தை தினமும் போனில் அதையே கேட்கிறாள்: "பொண்டாட்டிய விட்டுட்டு மீனுக்குக் காவல் இருக்கீங்களா?" வீட்டுக்காரர் வேறு, ஜூலைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். அவர் பெண் அமெரிக்காவிலிருந்து வருகிறாளாம். இதுவரை பொறுத்ததே பெரிது. சிரிலுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

மழை தொடங்கிவிட்டது. குளிக்கிறேன்.

மாமா


தாம்பரம்
16 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இதை வேறு யார் வாயிலிருந்தும் நீங்கள் கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்கிறவர் சுதீர். அமைதியானவர். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நான் யோசிக்க வேண்டும் என்றேன். போன வாரம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆசையா என்று கேட்டால் தெரியவில்லை மாமா. இந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் நான் சாப்பிடுவதை, தூங்குவதை, பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சுதீர் அப்படிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலையைச் செய்கிறார். எனக்கு அது போதும் போல இருக்கிறது.

வருஷ திதி முடியட்டும், தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அத்தையும் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

தாரணி


வைட்ஃபீல்ட்
1 ஜூலை 2024

அன்புள்ள தாரணிக்கு,

கடிதம் கிடைத்தது.

தண்ணீர் மாற்றுவதை மறுபடி தொடங்கிவிட்டேன். கண்ணாடியில் பாசி பிடிக்கிறது. நத்தைகள் தின்பது போதவில்லை, காந்தத் துடைப்பானால் துடைக்கிறேன். பெரிய காளான் போன்ற பவளம் சில நாளாக மூடிக்கிடந்தது. மேலே மெழுகு போல ஒரு ஏடு உரிந்தது. இந்த முறை நான் பயப்படவில்லை. கைபோல விரித்து மூடுகிற வெள்ளைப் பவளம் பக்கத்துப் பாறைக்கும் பரவிவிட்டது. வெட்டி விடலாமா? நுரை எடுக்கிற மெஷின் சத்தம் போடுகிறது. கழற்றி வினிகரில் ஊற வைத்தேன். இப்போது பரவாயில்லை. உப்பு முப்பத்தைந்து, சூடு இருபத்தாறு.

சென்னையில் வெயில் குறைந்ததா?

மாமா


தாம்பரம்
9 ஜூலை 2024

மாமாவுக்கு,

பக்கம் முழுக்கத் தொட்டி. நான் எழுதியதற்கு ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

உங்களிடம் கேட்காமல் சரி என்று சொன்னது தப்பு என்று நினைக்கிறீர்களா? இனிமேல் உங்களை மாமா என்று கூப்பிடலாமா, கூடாதா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

வெள்ளைப் பவளத்தை வெட்டலாம். கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

தாரணி


ஆம்பூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தாரணிக்கு,

வீட்டைக் காலி செய்துவிட்டோம். சிரிலுக்குப் போன் செய்தேன். காருடன் வந்தார். உன் அத்தையும் சாமான் கட்ட ஆம்பூரிலிருந்து வந்திருந்தாள்.

முதலில் தொட்டித் தண்ணீரை வாளிகளில் எடுத்தோம். பவளங்களை அதில் வைத்தார். பிறகு பாறைகள். பாறை எல்லாம் வெளியே வந்த பிறகுதான் மீனைப் பிடிக்க முடியுமாம். கடைசியில் மணலைக் கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம். உன் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். இத்தனை நாளில் அவள் தொட்டிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

காரில் வாளி நிற்கவில்லை. திருப்பத்தில் சாய்ந்தது. "யாராவது மடியில வெச்சுக்கணும் அங்கிள்" என்றார் சிரில். நான் கை நீட்டுவதற்குள் உன் அத்தை வாங்கிக்கொண்டாள்.

"வனஜா, புடவை நனையும்."

"நனையட்டும்."

ஃபிரேசர் டவுன் வரை கோமாளி மீன் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது மூடியைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள்: "இது என்னா துன்னும்?"

"உறைய வெச்ச இறால், துளித்துளியாப் போடணும். அவன் கையிலயே வந்து துன்னுமாம்."

அவள் அழத் தொடங்கிவிட்டாள். சிரில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வெளியே இறங்கி நின்றார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். அவள் முடித்த பிறகு கிளம்பினோம்.

அன்றைக்குத்தான் அவளிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு, "அவ என்னா தப்புப் பண்ணா? சின்னப் பொண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

நீ என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தாய். வேறு எப்படிக் கூப்பிடுவாய்? உன் கல்யாணத்தில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் எழுதுகிறேன்.

மாமா


ஆம்பூர்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரணிக்கு,

இதை உன் அத்தையே கொண்டுவந்து தருவாள். நீ தீபாவளிக்கு எழுதியதற்கும் பொங்கலுக்கு எழுதியதற்கும் நான் பதில் போடவில்லை. பேனாவை எடுத்தால் தொட்டியைப் பற்றித்தான் எழுத வந்தது. தொட்டியோ இல்லை.

கல்யாணப் பத்திரிகை வந்த அன்றே அவள் "நான் போறேன். நீங்க வரதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டாள். நானும் வருவதாகத்தான் இருந்தேன். வேட்டியைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் நான் அங்கே வந்து நின்றால் சுதீர் வீட்டார் உன்னைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் வரவில்லை. கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. இது அன்று தொட்டிக் கண்ணாடியை அடித்த கோபம் இல்லை. கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புடவை அவள் எடுத்தது. நிறம் மட்டும் நான் சொன்னேன். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள், பில் பையில் இருக்கிறது.

சுதீரிடம் நான் விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

ஞாயிறு சாயங்காலம் அவளை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடச் சொல்லி உன் அப்பாவிடம் சொல். நான் ஆம்பூர் பிளாட்பாரத்தில் நிற்பேன். அவள் இறங்கியதும் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பேன். ஆட்டோ வைக்கப் போவதில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை நடந்தே வீட்டுக்குப் போவோம்.

உன்
மாமா