படகைக் கட்டியது யார்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கயல் அப்பாவுக்கு,

அன்புச்செல்வி எழுதுவது. நானும் கயலும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கை நடுக்கம் குறைந்திருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கவுன்சிலிங் கொடுக்கிற லாரன்ஸ் சார் போனில் சொன்னார். குடியை நிறுத்த வந்தவர்களுக்கு அங்கே போன் தர மாட்டார்களாம், கடிதம் எழுதினால் அவரே உங்கள் கையில் கொடுப்பாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். எதற்கு எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இங்கே நம் பிளாக்கில் மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது. கீழேயிருந்து மூன்றாவது மாடிக்குக் குடம் தூக்குகிறேன். உங்கள் ஆட்டோ மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பின் சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது, விரட்டக் கூடாது என்று கயல் கண்டிஷன். பகலெல்லாம் வஹீத் பாய் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். சாயந்திரம் மந்தைவெளியில் விஜயலக்ஷ்மி மேடம் நடத்துகிற டியூஷன். ராத்திரி செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. யாராவது எப்படி இருக்கே அன்பு என்று கேட்டால் எரிச்சல் வருகிறது. முன்னெல்லாம் இப்படி இல்லை நான்.

டியூஷனில் இந்த மாதம் கதையைச் சுருக்கி எழுதச் சொல்லித் தருகிறோம். மேடம் சொல்லிவிட்டார். எல்லாம் கைடைப் பார்த்து மனப்பாடம் பண்ணிண்டு போறதுகள், தானா நாலு வரி எழுதத் தெரியலை, நீ சொல்லிக் குடு என்று. சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இருபது பிள்ளைகளோடு நான் மாட்டிக்கொண்டேன்.

கதையில் மூன்றில் ஒரு பங்கு எழுத வேண்டும் என்றால், பாலகணேஷ் விரலை விட்டு வார்த்தையை எண்ணுகிறான். கணக்கு முடிந்த இடத்தில் பேனாவை மூடி விடுகிறான். திருடன் சுவர் மேல் என்று நின்று போயிருக்கிறது. ஏறினானா, விழுந்தானாடா என்று கேட்டால், அதுக்கு மேல எய்தினா மார்க்கு பூடும் மிஸ் என்கிறான். இன்னொரு பெண் எந்தக் கதையானாலும் கடைசியில் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு நீதியை ஒட்டி விடுகிறாள். கதையில் யாருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பென்றால் சிரித்திருப்பேன்.

அதனால் முதலில் குறிப்பு எழுதச் சொன்னேன். கதையில் யார் யார், அவர்களுக்கு என்ன கஷ்டம் வந்தது, அதற்கு யார் என்ன செய்தார்கள், கடைசியில் என்ன ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அதற்குப் பிறகு கதையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்து எழுத வேண்டும். மெதுவாகப் பிடிபடுகிறது. நம் கயலுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. அவள் எழுதினால் ஒரு வார்த்தை கூட வெட்ட வேண்டியதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வடபழனியிலிருந்து வந்தார். அவருக்கு முந்தின நாள் உங்களைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தார்கள் அல்லவா. தன் பாப்பாவுக்குச் சடங்கு வைத்திருக்கிறது, தாய்மாமன் நீங்கள் வந்து மாலை போட்டால்தான் சபையில் மரியாதை என்றார். நீங்களும் அழுதீர்களாம். எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு, அன்பு ஒரு கையெழுத்துப் போட்டா விட்ருவாங்க, வந்துடறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். லாரன்ஸ் சாரிடம் கேட்டேன். பாதியில் வெளியே போனால் மறுபடியும் முதலிலிருந்துதான், அதற்குள் அவருக்குக் குடிக்கிற ஆசை வந்துவிட்டால் திரும்பி வரவே மாட்டார், ஆனால் முடிவு குடும்பத்துடையதும்மா என்றார்.

போன வருஷமும் இப்படித்தான் பாதியில் கூட்டி வந்தோம், உங்கள் சித்தப்பா காரியத்துக்கு. காரியம் மத்தியானம் முடிந்தது. சாயந்திரம் ராயப்பேட்டை மார்க்கெட் பக்கத்திலிருந்து மூன்று பேர் உங்களைத் தூக்கி வந்தார்கள். அதெல்லாம் தெரிந்தும் நான் உங்கள் அக்காவிடம் சரி என்றுதான் சொன்னேன். தாய்மாமன் இல்லாத சடங்கு என்றால் நாளைக்கு அந்தப் பெண்ணைத்தான் பேசுவார்கள். அதோடு, வேண்டாம் என்று சொல்லிச் சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. வெள்ளிக்கிழமை பாயிடம் லீவு சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போடுவதாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரு புதுக் கதை கொடுத்தேன். கடலோரக் குப்பத்தில் ஒரு குடும்பம். புயல் வருகிறது. அம்மா அரிசியையும் துணியையும் பரண் மேல் ஏற்றுகிறாள். அப்பா மழையில் கரைக்கு ஓடிப்போய், அலை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிற படகைப் பனைமரத்தில் கட்டிவிட்டு வருகிறார். விடிந்து பார்த்தால் குப்பத்தில் அந்த ஒரு படகுதான் மிச்சம். அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். பாலகணேஷ்கூட படகைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேனாவை மூடியிருந்தான்.

கயல் நோட்டில் இப்படி இருந்தது. அம்மா சாமான்களைப் பரண் மேல் ஏற்றி வைத்துவிட்டு, மழையில் கரைக்கு ஓடிப் படகைக் கட்டினாள்.

உங்கள் மேல் உள்ள கோபத்தில் வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். எல்லோரும் போன பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். படகைக் கட்டியது யாரும்மா என்று. அம்மாதாம்மா கட்னாங்க என்றாள், இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி. கதையை எடுத்து மறுபடியும் படி என்றேன். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். அந்த வரிக்கு வந்ததும் நின்றாள். திரும்பவும் மேலே போய் முதலிலிருந்து படித்தாள். முகம் சின்னதாகிவிட்டது. நான் படிக்கும்போது அம்மான்னுதாம்மா இருந்துச்சு என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நம் பெண்ணுக்குப் பொய் சொல்லும்போது காது சிவக்கும், அன்றைக்குச் சிவக்கவில்லை. ஒரு அப்பா மழையில் ஓடிப்போய் ஒன்றைக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தும், அவள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

திருத்தி எழுது என்றேன். எழுதிக் கொண்டுவந்தாள். எல்லாம் நீலப் பேனா, அப்பா என்கிற ஒரு வார்த்தை மட்டும் பென்சிலில். ஏன் என்று கேட்டேன். தப்பாயிட்டா அழிச்சுக்கலாம்ல என்றாள். அந்த நோட்டுக்கு நான் மார்க் போடவில்லை. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் லாரன்ஸ் சார் கடிதத்தைக் கொடுக்க மாட்டார். அழுகையும் வந்தது. பிள்ளை பார்க்கிறாள் என்று பூட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதனால் நான் நாளைக்கு வரவில்லை. கையெழுத்துப் போடப் போவதில்லை. நேற்று உங்கள் அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இன்னா பொம்பள நீ, எம் பொண்ண தாய்மாமன் இல்லாம சபையில குந்த வெக்கச் சொல்றியா, இவ்ளோ ராங்கி ஆவாது என்று கத்தினார். அவர் கத்துவதில் தப்பில்லை. உங்கள் பெரியப்பா மகன் புகழேந்தி மாலை போடட்டும், அவரும் தாய்மாமன்தானே, சீர்த்தட்டை நான் முன்னால் நின்று எடுத்து வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார். சடங்கில் போக வர எல்லோரும் உங்களைப் பற்றிக் கேட்பார்கள். வெளியூர் சவாரி என்று சொல்ல மாட்டேன். வைத்தியத்தில் இருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்றுதான் சொல்வேன். நீங்கள் கூசினால் கூசிக்கொள்ளுங்கள். எனக்கு மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

நீங்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவீர்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவீர்கள். செய்யுங்கள், ஆனால் அங்கேயே உட்கார்ந்து செய்யுங்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்புகிறீர்களாம், அதை மட்டும் விட்டுவிடுங்கள். காலையில் அங்கே தோட்ட வேலை இருக்கிறது என்றார் சார், அதற்குப் போங்கள். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு உங்களைப் பார்க்க வருகிறேன். வத்தக்குழம்பு எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கயலையும் வருகிறாயா என்று கேட்டேன். வரேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டன, அதை அப்பாட்ட சொல்லும்மா என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

முண்டகக்கண்ணி அம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். எத்தனை நாள் ஆனாலும் முழுசாக முடித்துவிட்டு வாங்க. நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்தே அதைத் தடுத்து எழுதும்,
அன்புச்செல்வி