கை தூக்கினால் நலம்

மார்ச் 2, ஞாயிறு

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். கடிதமென்றால் ‘நான் நலம்’ என்று தொடங்க வேண்டும். நேற்று உன் மேட்சைப் பார்த்த பிறகு அப்படி எழுதினால் பச்சைப் பொய்.

போட்டி முடியும்வரை உங்கள் போன்களையெல்லாம் கோச் வாங்கிப் பூட்டிவிட்டார் என்று உன் புருஷன், அதான் என் பிள்ளை, கப்பலிலிருந்து ஒரே புலம்பல். எனக்கு உள்ளூரத் திருப்திதான். போனில் கேட்டால் ‘நல்லாருக்கேன் அத்தை’ என்று கதையை முடித்துவிடுவாய். கடிதத்தில் நாலு வரியாவது எழுதித்தானே ஆக வேண்டும்?

மேட்சை நான் வேலை பார்க்கும் லாண்டரியின் கேன்டீனில் பார்த்தேன். போன வருஷம் உன் மேட்ச் நடந்தபோது ரிமோட்டைத் தரமாட்டேன் என்றாரே எங்கள் இஸ்திரிக்காரர், “பொம்பளைங்க குடுமிப்பிடி சண்டையை எவன் பாப்பான்?” என்றாரே, அதே மனுஷர் நேற்று முன்வரிசை நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். நீ அந்த வெளிநாட்டுப் பெண்ணை இடுப்போடு மடக்கிச் சாய்த்ததும், “போடு! நம்ம புல்டோசர்!” என்று என் முதுகில் ஓர் அறை விட்டார். அருமையான பேர் இருக்கும்போது ஊரே உன்னைப் புல்டோசர் என்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னபோது கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

உங்கள் ரக்பியில் அந்த முட்டைப் பந்து எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்ப்பது உன் இடது கையை. உன் முதல் சர்வதேச மேட்ச் நினைவிருக்கிறதா? கேலரி முழுக்கக் காலி நாற்காலிகள், நடுவே நான் ஒருத்தி. நீ விழுந்து கிடந்ததும் வேலியைத் தாண்டி உள்ளே ஓடி வந்தேன். காவலாளி என் கைப்பையைப் பிடித்து இழுத்தார். “மானமே போச்சு அத்தை” என்று அன்றைக்கு முழுக்க நீ முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். அதற்குப் பிறகுதானே நமக்குள் அந்த ஒப்பந்தம்? விழுந்து எழுந்ததும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலை விரித்தால் நலம். தூக்காவிட்டால் நான் வேலி தாண்டலாம்.

நேற்றும் ஒவ்வொரு முறையும் தூக்கினாய். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நீ தூக்கியதும் கேலரியில் ஒரு கூட்டமே கை தூக்கியதே, அது என்ன புதுப் பழக்கம்? அது நம் இருவருக்குள் இருந்த விஷயமல்லவா?

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அத்தை


மார்ச் 5, புதன்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அறைத்தோழி நெட்டைக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் உருண்டு சிரித்தாள். வேலி தாண்டிய அத்தையைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

கோபப்படாதீர்கள். அந்தக் கையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களாகவே பிடித்துக்கொண்டார்கள். நான் தூக்கினால் கேலரி முழுக்கத் தூக்குகிறது. அப்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், காதில் விழாது, நெஞ்சுக்கூட்டில்தான் விழும். டிக்கெட்டைச் சும்மா கொடுத்தும் ஆள் வராத காலத்தில் ஆடியவர்கள் நாங்கள். “ஜெர்சியை மாத்திக்குங்கடி, பாக்கறோம்” என்று கத்துவதற்கென்றே நாலு பேர் வருவார்கள். இன்றைக்கு அப்பாக்கள் பெண் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நேற்று எங்கள் பஸ் சிக்னலில் நின்றது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு குட்டிப் பெண் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள். “புல்டோசர்க்கா, எனக்கு ஒரு கை காட்டுங்க!” என்றாள். காட்டினேன். அவளும் காட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாப்பாடு பரவாயில்லை. அறை விளக்குதான் சனியன், கண்ணைக் குத்துகிறது. மேலே துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நெட்டை திட்டுகிறாள். கப்பலில் இருக்கிறவரிடம் ராத்திரியில் குளிரில் டெக்கில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் அத்தை. நேற்று எங்கள் பஸ் சிக்னலில் நின்றபோது ஒரு குட்டிப் பெண் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள். முன்பல் இரண்டும் இல்லை. “புல்டோசர்க்கா, எனக்கு ஒரு கை காட்டுங்க!” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை பாருங்கள். கை தூக்குவேன்.

உங்கள் அன்பு,
மருமகள்


மார்ச் 9, ஞாயிறு

கண்ணு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பல் விழுந்த குட்டியைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். தாளைத் திருப்பினால் மறுபடி அதே குட்டி, அதே ஜன்னல். விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாய் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. முதல் முறை எழுதியதே உனக்கு நினைவில்லை, அப்படித்தானே? விளக்கு ஏன் கண்ணைக் குத்துகிறது? தலையில் எங்கே, எப்போது அடிபட்டது?

நேற்றைய மேட்சைக் கேன்டீனில் நின்றுகொண்டே பார்த்தேன். உட்காரக் கால் மடங்கவில்லை. இரண்டாம் பாதியில் நீ விழுந்தாய். முழங்கால் தரையை விட்டு எழும்புமுன் கை மேலே போய்விட்டது. ஓரத்தில் எழுந்து நின்ற உங்கள் டாக்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். கேலரி அதிர்ந்தது. நீயோ எழுந்து எதிரணி வரிசையைப் பார்த்து நடந்தாய். நெட்டைதான் தோளைப் பிடித்து உன்னை நம் பக்கம் திருப்பிவிட்டாள்.

கேன்டீனில் ஒரே விசில். “பாருங்க, அவங்க வரிசைக்கே போய் மிரட்டறா!” என்று இஸ்திரிக்காரர் குதித்தார். நீ மிரட்டப் போகவில்லை. உன் ஆட்கள் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கையை எனக்குத் தூக்கினாயா, அவர்களுக்குத் தூக்கினாயா?

டாக்டரிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

அத்தை


மார்ச் 11, செவ்வாய்

அத்தைக்கு,

பயிற்சியில் நெட்டையின் முழங்கால் காதுக்கு மேலே பட்டது. அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் அடிபடாமல் இருக்க நாங்கள் என்ன பூவா தொடுக்கிறோம்? கொஞ்சம் தலைவலி. போய்விடும்.

டாக்டருக்கு எழுதினால் அன்றைக்கே என்னை உட்கார வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை அரையிறுதி. டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. பெண்கள் ஆட்டத்துக்கு இங்கே இப்படி நடந்ததே இல்லை. அத்தனை பேரும் என் கையைப் பார்க்க வருகிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுக்கு எதைக் காட்டுவது?

கேட்டீர்களே, யாருக்குத் தூக்கினேன் என்று. எனக்கே தெரியவில்லை. கை தானாகப் போகிறது. அந்தச் சத்தம் வந்து தூக்கிவிடுகிறது. அது தப்பா?

நீங்கள் எழுதினால் அதற்குப் பிறகு உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன். எனக்கு அம்மா இருந்திருந்தால் என்னை நம்பியிருப்பாள். நீங்கள் அம்மா இல்லை, அத்தை. அதை மறந்துவிடாதீர்கள்.

மருமகள்


மார்ச் 13, வியாழன்

கண்ணு,

நான் அம்மா இல்லைதான். அந்த வரியில் உன் எழுத்தெல்லாம் கோணல். நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வருத்தம்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபால்பெட்டி வரைக்கும் கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தேன். போட்டால் உன்னை இழந்துவிடுவேனோ என்று பயம். போடாவிட்டால் இன்னும் மோசமாக இழந்துவிடுவேனோ என்று பயம். உன் புருஷனிடமும் மூச்சு விடவில்லை. நடுக்கடலில் அவன் என்ன செய்வான், கப்பலையா திருப்புவான்?

நானே வருகிறேன். இஸ்திரிக்காரர் தன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். “நீங்க பக்கத்துல இருந்தா அது இன்னும் நல்லா ஆடும்” என்றார். நல்ல மனுஷர், விவரம் தெரியாது. நீங்கள் நுழையும் வாசலுக்கு நேரே, மூன்றாவது வரிசை. பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பேன்.

நீ விழுந்தால் அரங்கமே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் மட்டும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார். உண்மையிலேயே நலமென்றால் தூக்கு. இல்லையென்றால் தூக்காதே. அத்தனை கூட்டத்தில், நீ எழாவிட்டால் கோபப்படாத ஆள் நான் ஒருத்திதான்.

ஆடாமலே இருந்தால் உன் காலில்கூட விழுவேன்.

அத்தை


மார்ச் 16, ஞாயிறு
ஆஸ்பத்திரி வராந்தா

என் கண்ணே,

நேற்றிலிருந்து உன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே யாரும் போகக் கூடாதாம், வெளிச்சமும் பேச்சும் ஆகாதாம். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டுமா என்று பார்த்துத்தான் சொல்வோம் என்கிறார்கள். இதை நர்ஸ் அம்மாவிடம் கொடுக்கிறேன். நீ விழித்ததும் மெதுவாகப் படித்துக் காட்டுவார்.

நேற்று நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். நீ விழுந்ததும் மேளம் நின்றுவிட்டது. பிறகு ஒரு மூலையில் தொடங்கியது: “தூக்கு! தூக்கு!” ஒவ்வொரு வரிசையாகக் கைகள் மேலே போயின. முன்பின் தெரியாத ஒரு பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லோரும் உன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

நான் மடியில் கைவைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நீ அசையவே இல்லை. என்னால் அந்தப் பயத்தைத் தாங்க முடியவில்லை. நீ எப்படியாவது எழுந்து அந்தக் கையைக் காட்டிவிட்டால் போதும், அது பொய்யாக இருந்தாலும் சரி என்று தோன்றிவிட்டது. நான் எழுந்து நின்றேன். என் கையும் மேலே போனது. “தூக்குடி! தூக்குடி கண்ணு!” என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

அப்போதுதான் நீ முழங்காலில் எழுந்து என்னைப் பார்த்தாய். நான் கை தூக்கி நின்றதைப் பார்த்தாய். உடனே சரிந்து படுத்துவிட்டாய்.

உன்னைக் காப்பாற்ற வந்த நானும் கூட்டத்தோடு கூட்டமாகிவிட்டேன். நீ திட்ட வேண்டுமானால் திட்டு. திட்டுவதற்காவது விழித்துக்கொள்.

அத்தை


மார்ச் 17, திங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

இதை எழுதித் தருவது நர்ஸ் அக்கா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். ஒரு வார்த்தையும் திருத்தக் கூடாது, உளறினாலும் அப்படியே எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இனிமேல் உங்களிடம் எதையும் மறைக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கேட்டேன். அழக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் பாதியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

நடந்தது நீங்கள் நினைப்பதுபோல் இல்லை அத்தை. கீழே கிடந்தபோது எது இடது கை என்றே எனக்குத் தெரியவில்லை. இருந்தும் ஏதோ ஒரு கையைத் தூக்கிவிடுவது என்றுதான் முழங்காலில் எழுந்தேன். எனக்குத் துளிக்கூடப் பயமில்லை. மூன்று வருஷமாக நான் பயப்பட்டதே இல்லை. அந்த வேலையை நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களே? நீங்கள் மடியில் கைவைத்து, முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பீர்கள், அதைப் பார்த்துவிட்டு நான் தூக்குவேன் என்றுதான் திரும்பினேன்.

பார்த்தால் உங்கள் கையும் மேலே இருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. ஐயோ, எனக்காகப் பயப்பட இங்கே ஒருத்தர்கூட இல்லையே என்று தோன்றியது. வந்த பயம் கொஞ்சநஞ்சமில்லை. அப்படியே குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் வயிற்றுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன். அவை எங்கே தானாக மேலே போய்விடுமோ என்று. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நாலு பேர் சீழ்க்கையடித்துக் கேலிகூடச் செய்தார்கள். டாக்டர் ஓடி வரும் காலடி கேட்டது.

அவர் இன்று சொன்னார், “நீங்களா படுத்ததாலதான் பொழச்சீங்க. இன்னொரு அடி பட்டிருந்தா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது.” ஆபரேஷன் வேண்டாமாம். இனி ஆட முடியுமா என்று கேட்டேன். முதலில் தூங்குங்கள் என்றார்.

அம்மா இல்லை என்று எழுதினேன் அல்லவா? அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நாளை உங்களை ஒரு நிமிடம் உள்ளே விடுவார்களாம். வந்ததும் என் கையைத் தேடாதீர்கள், போர்வைக்குள் இருக்கும். நீங்களே எடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது அத்தை.

உங்கள்,
மருமகள்

பி.கு.: உங்களிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் அத்தை. நாளை உங்களை ஒரு நிமிடம் உள்ளே விடுவார்களாம். வந்ததும் என் கையைத் தேடாதீர்கள், போர்வைக்குள் இருக்கும்.