வலப் பக்கத்து ஆறு துளைகள்

மார்ச் 3, செவ்வாய்

என் கப்பலில் வலப் பக்கத்து வடிகால் துளைகள் ஆறையும் அடைத்துவிட்டு, பழியை என் தலையில் போட்டார்கள். பத்தொன்பது வருடம் ஆயிற்று. போன நோட்டிலும் இதுதான் முதல் வரி. இதிலும் இதுதான்.

கார்களையும் ஆட்களையும் கழிமுகத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோகும் கப்பல் அவள். வரைந்தவன் நான். பட்டம் இல்லாதவன், எட்டாம் வகுப்போடு நின்றவன். அன்று அடித்த காற்றில் ஒரு பெரிய அலை கார்கள் ஏறும் முன்பக்கத்துச் சாய்தளத்தைத் தாண்டிக் கார்த் தளத்துக்குள் ஏறியது. இடப் பக்கம் வடிந்தது. வலப் பக்கம் நீர் அப்படியே நின்றது. கப்பல் சாய்ந்து, பதினோரு கார்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதி, ஒரு லாரி ஓட்டுநருக்குக் கால் முறிந்தது. விசாரணைக் குழு எழுதியது: ‘வடிகால் போதாது. வடிவமைப்பில் குறை.’ என்னை வரைபட அறையிலிருந்து சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள்.

ஒரு பக்கம் வடிந்து மறுபக்கம் வடியவில்லை என்றால் குறை வரைபடத்திலா இருக்கும்? எவனோ அடைத்திருக்கிறான். எவனோ என்ன எவனோ — விபத்துக்கு மூன்று மாதம் முன்னால் வலப் பக்கத்துக்கு வண்ணம் பூசி, டயர் உரசாமலிருக்கச் சுவரடியில் புது மரச்சட்டம் அடித்தவர் என் மனைவியின் அண்ணன். பட்டறை மேஸ்திரி. மேலிடத்துக்குப் போட்ட மனுக்களில் அவர் பேரைத்தான் எழுதினேன். பட்டறைத் தலைவராக வேண்டியவர், மேஸ்திரியாகவே ஓய்வு பெற்றார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பேச்சு கிடையாது.

மார்ச் 4, புதன்

மூட்டு வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

செய்தித்தாளில் நாலே வரி. பெரியவளை, அதுதான் என் கப்பலை, நிறுத்திவிட்டார்கள். உடைக்கப் போகிறார்கள்.

முப்பத்தொரு வருடம். நாளுக்குப் பதினாறு நடை. கார், பால் வண்டி, பிண வண்டி, பெண் வீட்டுச் சீர்வரிசை பீரோ, எல்லாம் அவள் முதுகில் போயின. ஒரு தடவை சர்க்கஸ் யானை. இத்தனை விரல் அமிழும் என்று முந்தின நாளே எழுதிக் கொடுத்தேன், அத்தனை விரல்தான் அமிழ்ந்தது. நடுவழியில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. விபத்துக்குப் பிறகு காற்றடிக்கும் மாதங்களில் பாதிச் சுமைதான் என்று உத்தரவு போட்டார்கள். நோயாளி மாதிரி நடத்தினார்கள்.

பெரியவளுக்கு மறுவருடம் அதே வரைபடத்தில் கட்டிய சின்னவள் மட்டும் இனி ஓடுவாள். என் மகள் தினமும் ஸ்கூட்டரோடு அதில்தான் அக்கரை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள்.

“அண்ணனும் பேப்பர்ல பாத்துட்டு ஒண்ணும் சாப்பிடலயாம்” என்றாள் மனைவி.

“அவருக்கென்ன வந்தது?”

“ஏங்க, வரஞ்சது நீங்கன்னா கட்டினது அவருதானே.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மகள் உடைப்புத் தளத்தில் பேசி எனக்கு அனுமதி வாங்கியிருக்கிறாள். மேற்பார்வையாளரின் அம்மா அவள் வார்டில் படுத்திருந்தவராம்.

“போய்ப் பாத்துட்டு வந்துடுங்கப்பா. அந்த மரச்சட்டத்தப் பிரிங்க பிரிங்கன்னு பதினாலு மனு போட்டீங்க. இப்ப அவங்களே பிரிச்சிட்டாங்க. உங்க மனுவ எல்லாம் அதுல ஏத்தியிருந்தா கப்பல் அன்னிக்கே முழுகியிருக்கும்.”

சிரிக்கவில்லை நான். ஆனால் தூக்கமும் வரவில்லை. வியாழக்கிழமை போகிறேன். துளையை அடைத்த தழும்பு தெரியும். தெரிந்தே தீரும்.

அவளை எப்படி வரைந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. இரவல் புத்தகங்களில் படித்தேன். மரத்தில் மாதிரி செதுக்கி, துணி துவைக்கும் தொட்டியில் மிதக்கவிட்டு, மணல் பைகளை ஏற்றி இறக்கினேன். மணல் திட்டில் தட்டாத தட்டை அடிப்பாகம். இரண்டு முனையிலும் சாய்தளம்: ஏறின கார் பின்வாங்காமல் நேராக இறங்கலாம். கப்பலைப் பாதிதான் வரைவது வழக்கம். மறு பாதியும் அதே போல என்று கட்டுகிறவனுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் இருப்பதற்குத் தனித்தாள். படித்த பொறியாளர்கள் பதினெட்டுத் தாளில் வரைவதை நான் பதினொன்றில் முடித்தேன். ஒரு தாளை வீணாக்கியவன் இல்லை.

மார்ச் 12, வியாழன்

பார்த்தேன்.

மரச்சட்டம் இல்லை. வண்ணத்தைச் சுரண்டி வெறும் தகடாக்கி வைத்திருந்தார்கள். இடப் பக்கம் ஆறு துளை, நான் போட்ட இடத்தில். வலப் பக்கம் — கையால் தடவிக்கொண்டே முனையிலிருந்து முனைவரை நடந்தேன். இரண்டு தடவை.

“என்ன பெரியவரே தேடுறீங்க?” என்றார் மேற்பார்வையாளர்.

“அடைச்ச தழும்பு.”

குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். “அடைச்சிருந்தா வளையம் மாதிரி பத்தவச்ச தடம் இருக்கணும். இது பொறந்தது பொறந்தபடியே இருக்கு. இந்தப் பக்கம் யாரும் துளையே போடல.”

“போட்டாங்க.”

“சரி, போட்டாங்க” என்றார், குழந்தையிடம் சொல்வது போல. நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உட்காரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

காய்ச்சல் இல்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பீரோ மேலிருந்து வரைபடக் குழாயை இறக்கினேன். பத்தொன்பது வருடமாகத் திறந்ததில்லை. திறப்பானேன்? எல்லாம் மனப்பாடம் என்று இருந்தேன். கணக்கில் பன்னிரண்டு துளை. மனுக்களோடு அந்தக் கணக்கைத்தான் இணைத்தேன்.

ஏழாம் தாள். பயணிகள் மாடிப்படி. படி இடப் பக்கம் மட்டும்தான் உண்டு, அதனால் தனித்தாள். மேலே சிவப்பு மையில், என் கையெழுத்தில்: ‘இடப் பக்கம் மட்டும்’. கீழே கொஞ்சம் இடம் மிச்சம். அந்த மிச்சத்தில், இரு பக்கமும் வர வேண்டிய வடிகால் துளைகள், ஆறு.

ஒரு தாள் மிச்சம் பிடித்தேன்.

அட பாவி. நீயேதான்டா.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, வராமலே இருந்திருக்கலாம். கட்டும்போது மச்சான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரைபட அறைக்கு வந்தார். “மாப்ள, இதுல இருக்கறது எல்லாமே இடப் பக்கம் மட்டும்தானா?” தலை நிமிராமல் சொன்னேன்: “எழுதியிருக்குல்ல, படிக்கத் தெரியாதா?” அறை முழுக்கச் சிரித்தது. அவர் போய்விட்டார். எழுதியிருந்தபடி கட்டினார். விபத்துக்கு அப்புறமும் வாசலில் நின்று சொன்னார்: “அங்க துளையே கிடையாதே மாப்ள, நான் எதப் போய் அடைப்பேன்?” பொய் என்று கதவைச் சாத்தினேன்.

சின்னவளும் இதே ஏழாம் தாள்தான். நாளைக் காலை ஆறரைக்கு மகள் அதில் ஏறுவாள். காற்று மாதம் வர இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

மார்ச் 16, திங்கள்

மகளைப் பாலம் சுற்றிப் பேருந்தில் போகச் சொன்னேன். ஏன் என்றாள். சொன்னேன். ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினாள். பிறகு, “மாமாகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?” என்றாள்.

இனி ஆக வேண்டியது:

ஏழாம் தாளையும் என் கடிதத்தையும் துறை அலுவலகத்தில் நேரில் கொடுப்பது — நான். தபாலில் போனால் பழைய மனுக்களோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

சின்னவளின் வலப் பக்கம் ஆறு துளை வெட்டுவது — அலுவலகம். ஓரடி நீளம், அரையடி உயரம். இந்த அளவில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. அளவு சரி.

வெட்டும்வரை காற்றில் ஓட்டாமலிருப்பது — கப்பல் தலைவர்.

‘போதாது’ என்பதைத் திருத்துவது — குழுவில் உயிரோடு இருப்பவர்கள். மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் எழுதினார்கள். இல்லாததைப் போதாது என்பது என்ன பேச்சு?

பதினாலு மனுவையும் திரும்பப் பெறுவது — நான்.

தகட்டைத் தாங்கும் உள்சட்டத்தில் படாமல் எங்கே வெட்டலாம் என்று சுண்ணக்கட்டியால் குறி போடுவது — மச்சான். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவரைக் கூப்பிடுவது — மனைவி தான் போய்ச் சொல்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். சட்டை தேய்த்து வைத்திருக்கிறாள். நான்.

படிக்கத் தெரியாதா என்று கேட்டதற்கு — அதுவும் நான்தான்.