அக்கா கேட்ட ஊசி

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, நான் அசடு வழிந்தது உட்பட, உண்மையாக எழுதப்போகிறேன்.

உன் கடிதம் வந்தபோது அப்பா கடையில் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் நான் கத்தினேன்: "அப்பா, பாப்பா பிறந்ததும் அக்கா இங்க வரணுமாம். அதுக்கு முன்னாடி ஊசி விஷயத்தை உங்ககிட்ட சொல்லச் சொல்றா!"

மெஷின் நின்றது. "ஊசியா? தையல்னாலே ஓடுவாளே, கழுதை! பிள்ளைக்குத் தைக்க ஆசை வந்துடுச்சா?"

கடை வேண்டாமென்று நீ போனபிறகு அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததேயில்லை. அடுத்த வரியில் நீ ஃப்ளூ தடுப்பூசி என்று எழுதியிருந்ததை எப்படிப் படிப்பேன்? பார்சல் வருகிறது. மெஷின் ஊசி, கை ஊசி, நூல்கண்டு எல்லாம் இருக்கும். திட்டாதே.

உன் தங்கை

அக்டோபர் 11

என் புத்தகப்புழுவுக்கு,

பார்சலைப் பிரித்து நான் சிரித்த சிரிப்பில் பாப்பாவே உதைத்தது. அப்புறம் அழுதேன்.

ஆனால் இது விளையாட்டில்லை. நான் ஊசி போட்டுக்கொண்டேன். அதனால் பாப்பாவுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டாம். பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை அதற்கே போட முடியாது. தூக்குகிறவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு வீசிங் வேறு. போன வருடம் ஃப்ளூவில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தாரே! அளவு கொடுக்க வருகிறவர்கள் அவர் முகத்துக்கு நேரே நின்றுதான் இருமுகிறார்கள். அவர் போட்டுக்கொள்ளாவிட்டால் பாப்பாவை அங்கே கொண்டுவர மாட்டேன். கோபமில்லை, பயம். உண்மையைச் சொல்லிவிடு.

அக்கா

அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். "அப்போ அவ தைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம்தான் சண்டை.

"நாள் பூரா ஊசியோட மாரடிக்கிறேன், எனக்கெதுக்கு இன்னொரு ஊசி? அதான் முன்னே ஒரு தடவை போட்டாச்சே!"

"போன வருஷ அளவுல இந்த வருஷம் சீருடை தைப்பீங்களாப்பா? கிருமியும் வருஷா வருஷம் மாறுது."

"வாத்தியாரம்மா வந்துட்டா!" என்று அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள்.

ஊசியாலேயே ஃப்ளூ வரும் என்று பட்டன் கடைக்காரர் சொன்னாராம். கிளினிக் நர்ஸக்காவிடம் கேட்டேன். அதெல்லாம் வராது, கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு கதகதப்பாக இருக்கலாம், அவ்வளவுதான் என்றார். பாதுகாப்பு கிடைக்க இரண்டு வாரம் ஆகுமாம், அதனால் தள்ளிப்போடக் கூடாதாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

கவலையுடன்,
உன் தங்கை

அக்டோபர் 21

புழுவே,

இத்துடன் இருப்பதை அப்பாவிடம் கொடு. அவர் அனுப்பிய ஊசியில் நான் தைத்தேன். நான் கேட்ட ஊசியை அவர் போட்டுக்கொள்ளட்டும்.

அக்கா

அக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குட்டிச் சட்டையை அப்பா வெட்டுமேசையில் விரித்து, உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாகப் பார்த்தார்.

"ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இதைப் போட்டா என் பேரப்பிள்ளை சாஞ்சுதான் நடக்கும்."

பிரித்துத் தைப்பாரோ என்று பயந்தேன். தொடவில்லை. "அந்தக் கிளினிக்கை எப்ப மூடுவாங்க?" என்றார்.

மூன்று பேரும் போனோம். அப்பா சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினார். "நூல் கோத்துட்டீங்களாம்மா?"

"முடிச்சே போட்டாச்சு, எழுந்திரிங்க" என்றார் நர்ஸக்கா.

அம்மாவும் நானும் போட்டுக்கொண்டோம். நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

அப்பா சொல்லச் சொன்னது இது: "பாப்பாவைத் தூக்கிட்டு வரச் சொல்லு. அந்தச் சட்டைக் கையைச் சரிபண்ணக் கத்துக்கிட்டுப் போகட்டும்."

அப்பாவுக்கு ஊசி போட்ட கை வலிக்கிறதாம். அதனால் இன்று வெயில் இறங்குமுன்பே கடையைச் சாத்திவிட்டோம். கோட்டுகள் தொங்கும் கண்ணாடிப் பெட்டியில், நடுவில், உன் கோணல் சட்டை தொங்குகிறது. கடை விளக்குகளை நான்தான் அணைத்தேன்.

உன் தங்கை