தோற்பதற்குப் படிக்கும் பெண்

கணித ஆசிரியை அவர்களுக்கு,

எல்லாம் வல்ல இறைவன் தங்களையும் தங்கள் இல்லத்தாரையும் காத்தருள்க. தாங்கள் என்னை அறியமாட்டீர்கள். இணையவழி வகுப்பின்போது அடுக்களை மேசையில், உப்புச் சாடியின்மீது கைப்பேசியைச் சாய்த்துவைத்து அமரும் மாணவியின் தாத்தா நான். சில நேரம் திரையோரத்தில் தெரியும் வெள்ளைத் தாடி என்னுடையது. பக்கத்து வீட்டு அம்மாள் இக்கடிதத்தைப் படமெடுத்துத் தங்களுக்கு அனுப்புவதாக வாக்களித்திருக்கிறார்.

சென்ற ஆண்டு அவள் தாய், என் ஒரே மகள், காலமானாள். தகப்பன் வேறு குடும்பம் கண்டு வேற்றூர் போய்விட்டார். அதன்பின் இந்தப் பெண் வாய் திறப்பதை விட்டாள்; கணக்கில் தோற்றாள். தோற்ற பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்லும் தங்கள் நிறுவனத்தில் பள்ளியே அவளைச் சேர்த்தது. தொடக்கத்தில் ஒருநாள் தங்கள் பூனை திரையை மறித்துப் படுத்தது. "இதுக்கும் கணக்கு வராது, அதான் தூங்குது" என்றீர்கள். அவள் சிரித்தாள். பிரார்த்தனையில் இருந்த நான் பாதியில் எழுந்து வந்து கதவருகே நின்றேன்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். வகுப்பில் தாங்கள் கேட்டு முடிக்குமுன் அவள் விடை சொல்வதைக் காதாரக் கேட்கிறேன். பள்ளித் தேர்விலோ மறுபடியும் தோல்வி. கேள்வித்தாளைக் கண்டு மிரண்டாள் என்றே எண்ணினேன். நேற்று நயந்தும் கேட்டேன், கடிந்தும் கேட்டேன். கடைசியில் சொன்னாள்: "பாஸாயிட்டா மிஸ்ஸை வேற பிள்ளைக்குக் கொடுத்திடுவாங்க தாத்தா."

தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். தேறியவரின் இடம் தேறாதவருக்கு, அதுதான் விதி என்று ஒரு பெண் பணிவாகவே சொன்னார். குறைகூற ஒன்றுமில்லை. இன்னொரு வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருக்கும்.

நான் பேசுகிறேனே உன்னோடு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க பேசினா அதுவும் பாட்டாத்தான் வருது. கடைசியில சாமி வந்திடுறாரு" என்றாள். கேலிதான், ஆயினும் தைத்தது. மறையும் செய்யுளும் ஓதியே பழகிய நாவுக்கு ஒரு பூனையைப் பற்றிப் பேச வரவில்லை.

வரும் வாரம் இறுதித் தேர்வு. அதிலும் தவறினால் பள்ளியில் இடமில்லை என்று தலைமையாசிரியர் கூறிவிட்டார். அவளோ அதைக் காதில் வாங்குவதாக இல்லை. ஒரு வருடம் போனால் என்ன, அடுத்த ஆண்டு எழுதட்டும் என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த அடுத்த ஆண்டு உண்டா என்று மருத்துவரிடம் நானும் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இப்போதைக்கு இதைச் சாப்பிடுங்கள் என்றார்.

ஆகவே தங்களிடம் இரந்து நிற்கிறேன். தேர்வுக்கு முன் ஒரு வகுப்பு மிஞ்சியிருக்கிறது. அதில் கணக்கு வேண்டாம். தேறிய பிறகும் எப்போதாவது உன்னைக் கூப்பிடுவேன் என்று ஒரு சொல் சொல்லுங்கள். ஒப்புக்குச் சொல்லவேண்டாம், தாயே. ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தை அவள். மெய்யாகவே கூப்பிடுங்கள். பாடம் சொல்லவேண்டாம், பூனையைப் பற்றிப் பேசினால் போதும்.

என் மகளுக்காக நான் வேண்டிக் கிடைக்காத ஆயுளை இறைவன் தங்களுக்கு அருளட்டும். இந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லி அழைக்க ஒரு குரலாவது மிஞ்சட்டும்.

கூப்பிய கையுடன்,
அவள் தாத்தா