ஜன்னல் பக்கத்துக் காது

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், சர்க்கரையும் வாயும் மட்டும் வழக்கம்போலக் கட்டுக்குள் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். எப்போதும் எழுதுகிற “அப்பாவும் சௌக்கியம்” என்ற வரியை இந்தத் தடவை எழுத வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கூடச் சேர்ந்து அழுவேன், அப்புறம் அவர்தான் நம் இரண்டு பேரையும் தேற்ற வேண்டிவரும். அதனால் உட்கார்ந்து படி.

அவருடைய இடது காது மடலில் ஒரு புண், ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியின் கம்பி உரசுகிறது என்று அவர் சொன்னார், பாதி டாக்டரான நானும் ஏதோ களிம்பைத் தடவிவிட்டுச் சும்மா இருந்தேன். நம்மிடம் கார் ஓட்டப் பழக வருகிற நர்ஸ் பெண்ணுக்குப் போன வாரம் ரிவர்ஸ் பாடம். இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு “கண்ணாடியப் பாரும்மா, கண்ணாடியப் பாரு” என்று கத்தியிருக்கிறார். கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது இவர் காது. வண்டியை நிறுத்திவிட்டு, “சார், நீங்க மொதல்ல டாக்டரப் பாருங்க” என்றாளாம். பாடம் அன்றைக்கு அத்தோடு சரி.

தோல் டாக்டரம்மா ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெயிலுக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார். உன் அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “எம் பொண்ணு சன்ஸ்கிரீன் அனுப்புறா, ஒருநாள் தவற மாட்டேன்” என்றார். எங்கே, போட்டுக் காட்டுங்கள் என்றார் அந்தம்மா. இவர் என் பையிலிருந்த டியூபில் பட்டாணி அளவு எடுத்தார், கன்னத்தில் ஒரு இழுப்பு, மிச்சத்தை வலது கையிலும் வலது காதிலும் தேய்த்தார், வெள்ளையாகத் தெரிகிறதென்று துண்டால் துடைத்தும்விட்டார். வண்டியில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று அந்தம்மா மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஜன்னல் பக்கத்துக் கையையும் காதையும் மறக்காதீர்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். இவருக்கு ஜன்னல் என்றால் லாரி ஓட்டிய காலத்து வலது ஜன்னல். டிரைவிங் வாத்தியார் ஆனதிலிருந்து உட்காருவதெல்லாம் இடது பக்கம். ஆள் லாரியை விட்டு எப்போதோ இறங்கிவிட்டார், கை இன்னும் இறங்கவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அந்தம்மா சிரிக்கவில்லை, என் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. ஒரு டியூப் எவ்வளவு நாள் வரும் என்று என்னிடம் கேட்டார். சிக்கனக்காரி என்று மெச்சுவார் என நினைத்து, வருஷத்துக்கு மேலேயே வரும் என்றேன். “அம்மா, நீங்க அதப் பத்திரமா வெச்சிருந்திருக்கீங்க. போடல” என்றார். மாடி வீட்டு டீச்சர் திரை போட்ட அறையில் டிவி பார்க்கக்கூட இதை அப்பிக்கொண்டு உட்காருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.

முடிவு இன்றைக்கு வரும் என்றார்கள். காலையிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். எடுத்தால், நாளைக்கு கிளாஸ் உண்டா என்று யாராவது கேட்கிறார்கள். ஒருத்தரிடம் வள்ளென்று விழுந்துவிட்டேன், பாவம், இனி அவர் சைக்கிளே போதும் என்று இருந்துவிடுவார். அப்பா துடைத்த காரையே துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை எழுதியபோது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், இரண்டு பேரும் நேரில் வர வேண்டுமாம். போகிற வழியெல்லாம் “கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஓட்டியதே அவர்தான். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். தோல் புற்றுநோய்தான், கண்ணு. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், ஆழமாகப் போனதாகத் தெரியவில்லை என்கிறார்கள். அடுத்த வாரம் வெட்டி எடுப்பார்கள், மடலில் கொஞ்சம் போய்விடும், ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பிறகு பார்த்துத்தான் சொல்வார்கள். “நல்லதாப் போச்சு, இனி ஒங்க அம்மா பேசுறது முக்காவாசிதான் கேக்கும்” என்று உனக்கு எழுதச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து டியூபை என் கையில் கொடுத்து, “எனக்குப் பக்கம் தெரியல, நீயே போட்டு விடு” என்று பிடரியைக் காட்டி உட்கார்ந்தார். நீ சொன்ன இரண்டு விரல் நீளம் எவ்வளவு என்று இன்றைக்குத்தான் விரலில் பிதுக்கிப் பார்த்தேன். இடது பக்கத்தில் தொடங்கிப் போட்டு முடிக்கும்வரை அவர் அசையாமல் இருந்தார்.

லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நோய் நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், அதற்கு என் ஆசி மட்டும் போதாது. பாலம் கட்டும் இடத்திலிருந்து நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட் இருக்கிறது, மூக்கு உரிந்திருக்கிறது, கழுத்து செங்கல் நிறத்தில் இருக்கிறது. தினமும் போடுகிறாயா என்று இப்போது நான் கேட்கிறேன். “போட்டேம்மா” என்று மட்டும் பதில் எழுதாதே. வாராவாரம் உனக்கு அதைத்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உன் வருகையையும், வராவிட்டால் உன் கழுத்தின் போட்டோவையும் எதிர்பார்க்கும்,
அம்மா